நினைவுக் கல்லைத் துலக்கிக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சபையாருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

கல்லறைத் திருநாளன்று வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நம் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடந்த போர் நினைவுத் தூண் இப்போது நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு உழைத்தவர்களுக்கு ஆலயத்தில் அறிவிப்பு வாசித்ததோடு விட்டுவிட மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கல்லின் எழுத்தை மறைத்தது வெயிலோ மழையோ இல்லை, நாங்கள்தான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது மிச்சச் சுண்ணாம்பைத் தூணுக்கும் அடித்துவிடுவோம். வாலிபர் சங்கத்தில் இருந்த நாளில் நானே மட்டையைப் பிடித்திருக்கிறேன். பளிங்குப் பலகையின் மேல் சுண்ணாம்பு தோசை மாதிரி அடுக்கடுக்காக ஏறிக் கிடந்தது.

அதை எடுக்க ஆசிட் ஊற்றலாம் என்றார்கள் சிலர். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஐயா குறுக்கே வந்து நின்றார். சுண்ணாம்பும் பளிங்கும் ஒரே சாதிக் கல், ஆசிட் ஒன்றைத் தின்றால் மற்றதையும் தின்னும் என்று சொல்லி, ஈரச் சாக்கைப் போர்த்தி ஊறவைத்து மூங்கில் சிலாம்பால் சுரண்டச் சொன்னார். பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் பள்ளி விட்டதும் ஓடிவந்த பிள்ளைகளுக்கு முதல் நன்றி. ஐயாவுக்கும்தான், அவர் திட்டியதையும் சேர்த்து.

மேஸ்திரி அண்ணனுக்கு என்ன சொல்ல? பீடத்தின் மூன்று படிகளையும் பிரித்து, சிமென்ட்டைத் தொடாமல், பழைய முறையில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த சுண்ணாம்புச் சாந்தில் திரும்பக் கட்டினார். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே நின்று செங்கல்லை அரித்துவிடுமாம். தூணின் அடியில் தாமரை இதழ் ஓடுகிறது என்று காட்டியவரும் அவர்தான். சிலுவை வைத்த தூணைச் செதுக்கியது கோயில் வேலை பழகிய கை! சாரக்கட்டுக்கு வாடகை வாங்க மறுத்த ஹார்டுவேர் கடை பாய்க்கும் நன்றி.

இந்தக் கல் 1806 வேலூர்ச் சிப்பாய்க் கலகத்துக்கு வைத்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருந்தோம். அது வேறு. 1806 ஜூலை 10 அன்று கொல்லப்பட்ட 69வது ரெஜிமெண்ட் வெள்ளைக்காரர்களுக்கு வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்திலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் நினைவிடம் இருக்கிறது. அன்று மடிந்த நம் சிப்பாய்களுக்கு வேலூர் மக்கான் அருகே தூண் எழும்பியது சுதந்திரத்துக்கும் வெகு காலம் கழித்துத்தான். நம்முடையது 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரின் கல். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டிலும் இதே மாதிரி ஒன்று உண்டு: இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். நம் கல்லிலும் அதே வாசகம்தான். எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை.

அந்த எண்ணிக்கையிலும் தகராறு. இறந்தவர் ஒருவர் என்றே எல்லோரும் சொல்லி வந்தோம். கல்வெட்டு படிக்கத் தெரிந்த தமிழாசிரியர் இருட்டிய பிறகு வரச் சொன்னார். செல்போன் டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தார். ஒன்று என்று நாங்கள் நினைத்த கோட்டுக்கு இடது பக்கம் ஒரு சாய்வு, ஒரு குறுக்குக் கீறல், நிழலாக எழுந்தது. 4. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம்தான் பெயர் தேடும் வேலை. கல்லூரியில் படிக்கும் நம் தங்கை ஒருத்தி காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத முடிந்த விதமெல்லாம் எழுதித் தேடினாள். வட ஆற்காடு என்று போட்டு இரண்டு பேர் கிடைத்தார்கள். இருவருக்கும் இராக்கிலுள்ள பாஸ்ரா நினைவகம் என்றிருந்தது. அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நினைக்கப்படுகிறார்கள். ஆனால் இந்தியச் சாதாரணச் சிப்பாய்களின் பெயரைச் சுவரில் வெட்டாமல் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். அது தவறு என்று ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆக, நம் ஊரிலும் எண்ணிக்கை, அங்கேயும் எண்ணிக்கை.

மூன்றாவது பெயரைக் கொடுத்தது மேலத் தெரு ஆயா. விஷயம் கேள்விப்பட்டு, இடுப்பில் செருகிய முந்தானையோடு ஒரு வட்டத் தகட்டைக் கொண்டுவந்து நீட்டினார். சாண் அகலம்கூட இல்லை, 12 சென்டிமீட்டர் வெண்கலம். சூலம் பிடித்த பெண், சிங்கம், ஓரமாக ஒரு கட்டத்தில் புடைத்த எழுத்தில் ஒரு பெயர். போரில் இறந்தவர் வீட்டுக்கெல்லாம் அரசு அனுப்பிய தகடு அது. எல்லோரும் சமம் என்று காட்ட அதில் பதவி போடவில்லை, பெயர் மட்டும்தான். ஆயா வீட்டில் மூன்று தலைமுறையாக அது தண்ணீர்ச் சொம்புக்கு மூடி. தேய்த்துத் தேய்த்துச் சிங்கத்தின் முகம் மழுங்கிவிட்டது. பெயர் மட்டும் மழுங்கவில்லை.

சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு இளைஞர்களை வேனில் அழைத்துப்போய்க் காட்டிய ரிட்டயர்டு ஹவில்தார் அண்ணனுக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் ஒரே அளவுக் கல், அதில் அவரவர் பெயர் என்பதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் நமக்கும் ஒரு பெயர்ப் பலகை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். பழைய பலகையைத் தொடாமல் அதன் கீழே சிறிய கருங்கல் பலகை பதித்திருக்கிறோம். பெயர்களைக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுதவில்லை. வந்து கல்லில் படியுங்கள்.

ஆயாவின் தகட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆலயத்தில் மாட்டலாம் என்று போதகர் ஐயர் கேட்டுப் பார்த்தார். "அப்போ என் சொம்புக்கு மூடி நீ குடுப்பியா சாமி?" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கருங்கல்லில் மூன்று வரி வெட்டியாயிற்று. நாலாவது வரிக்கு மேஸ்திரி அண்ணன் இடம் இழைத்து விட்டிருக்கிறார். உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள். கூப்பிட்ட அன்றே உளியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சபைச் செயலாளர்