படபடப்பு அடங்குவதற்குள் இசிஜி எடுங்கள்

மதிப்பிற்குரிய அவசர சிகிச்சைப் பிரிவு நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இதயம் தாறுமாறான வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் வாசலுக்கு வந்து சேரும் நோயாளிக்கு, அந்த வேகம் அடங்குவதற்குள், இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் பதியும் இசிஜி எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். இதே வேண்டுகோளை உங்கள் கருத்துப் படிவத்தில் முன்பே எழுதி அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்றும், நோயாளிகள் அவரவர் நிலையின் தீவிரத்தைப் பொறுத்தே கவனிக்கப்படுகிறார்கள் என்றும் பதில் வந்தது. அது எனக்கும் தெரியும். நான் கேட்டது வேறு என்பதால், எல்லாரும் படிக்கும்படி மறுபடியும் கேட்கிறேன். மருத்துவமனையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் இரவில் பணியில் இருந்த தாதியர்மீது பழி விழுவதில் எனக்கு விருப்பமில்லை. இந்தக் குறை ஓரிடத்துக்கு மட்டுமே உரியதென்றும் நான் நினைக்கவில்லை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மூன்றாம் மாடியில் வசிக்கும் அக்காவுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. அண்மையில் ஓர் இரவு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கி நிற்காமல் போகவே, என்னை அழைத்தார். எனக்கும் இந்தத் தொல்லை நெடுநாளாக உண்டு என்பதை அவர் அறிவார். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், எண்ணவே முடியவில்லை. சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழைக்கலாம் என்றதற்கு, அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார். டாக்சியில்தான் உங்களிடம் அழைத்து வந்தேன்.

பதிவு முடிந்து முதற்கட்டச் சோதனைக்கு உட்கார வைத்த தாதி, விரலில் மாட்டும் கருவியை அக்காவின் ஆட்காட்டி விரலில் மாட்டினார். எண் 148 என்று காட்டி, மறுகணம் 171-க்குத் தாவி, பிறகு 139-க்கு இறங்கியது. அவர் முதலில் கருவியைத்தான் சந்தேகித்தார். விரலை மாற்றினார், விரல்நுனி சில்லிட்டிருக்கிறது என்று தம் உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துத் தேய்த்தார், மறுகைக்கு மாற்றினார், கடைசியில் வேறொரு கருவியையே கொண்டுவந்து மாட்டினார். அதிலும் எண் நிலைகொள்ளாமல்தான் ஓடியது. அவற்றுள் ஒன்றை எழுதிக்கொண்டார். இசிஜி இயந்திரம் சக்கர வண்டியில், பாதி விலகியிருந்த திரைக்கு அப்பால், எங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் யாருக்கும் பயன்படாமல் நின்றிருந்தது. “எந்த நேரத்திலும் இது நின்றுவிடும், தயவுசெய்து இப்போதே எடுத்துவிடுங்கள்” என்று கேட்டேன். “நம்பர் வந்ததும் கூப்பிடுவாங்க அக்கா, உட்காருங்க” என்று அவர் பரிவோடுதான் சொன்னார். தாமாக எடுக்க அவருக்கு அனுமதி இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்து உட்கார்ந்தோம். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு பிடி தளர்ந்தது. பெருமூச்சு விட்டு, “நின்னுடுச்சும்மா” என்றார். பக்கத்திலிருந்தவர்கள் நல்லவேளை என்றார்கள். எனக்கோ வயிறு எரிந்தது. எண் வந்து, உள்ளே அழைத்து, இசிஜி எடுத்தபோது அது அப்பழுக்கில்லாமல் இருந்தது. இளம் மருத்துவர் மரியாதையாகவே பேசினார்; இதயம் நன்றாக இருக்கிறது, மனத்தில் கவலை ஏதேனும் உண்டா என்று கேட்டார். சென்ற ஆண்டு கணவரைப் பறிகொடுத்தவர் அக்கா. ஆமாம் என்று தலையசைத்தார். மனப்பதற்றம் என்று எழுதப்பட்டது. கணவரை நினைத்து அழுபவருக்கு நாடி 171-க்குத் தாவி 139-க்கு இறங்குமா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) வழியாக 24 மணிநேரப் பதிவுக் கருவி பொருத்தினார்கள். அந்த ஒரு நாள் முழுதும் இதயம் ஒழுங்காகவே அடித்தது. அதுவும் மனப்பதற்றம் என்பதற்கு இன்னொரு சான்றாகிவிட்டது.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. வந்து போகும் படபடப்பை, வந்திருக்கும்போது பதிந்தால்தான் இன்னதென்று சொல்ல முடியும். அடங்கிய பிறகு எடுக்கும் இசிஜி, ஒரு சிலருக்குப் பிறவியிலேயே உள்ள கூடுதல் மின்பாதையின் அடையாளத்தைக் காட்டுவது தவிர, பெரும்பாலோருக்கு இயல்பாகவே இருக்கும். அக்காவின் வயதில் ஒழுங்கற்றுத் தாவும் நாடி, இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கக்கூடும். அது பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்கு கூட்டுவது. பக்கவாதம் வருமுன் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்துக் காப்பாற்ற வழியுள்ளது. ஆனால் பதிவு கையில் இல்லாமல் எந்த மருத்துவரும் அந்த மருந்தைத் தொடங்கமாட்டார், தொடங்கவும் கூடாது. அன்றிரவு அவருக்கு அதுதானா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கிடைத்த நேரம் உங்கள் காத்திருப்புக் கூடத்தில் கழிந்தது என்பதுதான் என் மனக்குறை.

என் கதை சற்று வேறு. எனக்கு இருப்பது எஸ்விடி, அதாவது மின்னோட்டக் கோளாறால் இதயம் திடீரென்று மிக வேகமாக அடிக்கும் நோய். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கணுவில், வட்டச் சந்தியில் வெளியேற வழி கிடைக்காத வண்டியைப்போல மின்னோட்டம் சுற்றிச் சுற்றி வரும். குனிந்து செருப்பை மாட்டும்போதும் வரும், ரயிலில் சும்மா நிற்கும்போதும் வரும். விளக்கைப் போட்டதுபோல் தொடங்கி, அணைத்ததுபோல் நின்றுவிடும். இந்த வகை பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. எனக்கும் பல ஆண்டுகள் மனப்பதற்றம் என்ற பெயர்தான் கிடைத்தது. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், காப்பியைக் குறையுங்கள், வேலையில் அழுத்தமா, வீட்டில் பிரச்சினையா என்று கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் என் உடம்பு சொல்வதை நானே நம்பாமல் போனேன். அலுவலகத்தில் அடிக்கடி மருத்துவ விடுப்பு எடுப்பவள், சான்றிதழில் நோயின் பெயர் இல்லாதவள் என்ற பார்வையையும் தாங்கினேன். கடைசியில், எங்கள் வட்டாரத்து மருந்தகம் ஒன்றில், நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்ததைப் பார்த்த உதவியாளர், அடையாள அட்டையைக்கூடக் கேட்காமல் படுக்க வைத்து இசிஜி எடுத்தார். அந்த ஒரு தாளைப் பார்த்த இதய நிபுணர் உடனே நோயின் பெயரைச் சொன்னார். வடிகுழாய் செலுத்தி அந்தச் சுற்றுப்பாதையைச் சுட்டுவிடலாம் என்றும், இந்த வகைக்கு அது நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பலன் தரும் என்றும் விளக்கினார். இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு தாள்தான்.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எஸ்விடி உறுதியான 107 பேரை வைத்து 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இருந்த அறிகுறிகள், திடீர்ப் பீதி நோய்க்கு வகுக்கப்பட்ட வரையறைக்கும் அப்படியே பொருந்தின. பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் பரிசோதனையில் நோய் கண்டறியப்படவில்லை. பதற்றம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பெண்களின் விகிதம் ஆண்களைவிட மிகுதி. அதாவது, நோயாளியின் பேச்சையும் முகத்தையும் மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. இசிஜி பிரித்துக் காட்டும். அதைத்தான் கேட்கிறேன்.

இசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் இருக்கிறதே, அதில் பதியக்கூடாதா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். அக்காவிடம் அப்படிப்பட்ட கடிகாரம் இல்லை, வாங்கும் வசதியும் இல்லை. வைத்திருப்பவர்களுக்கும், நாடி குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், அது முடிவு சொல்ல இயலவில்லை என்றே காட்டும். மருத்துவமனை இசிஜியின் பன்னிரு கோணப் பதிவுக்கு அது ஈடாகாது. 2023 முதல், நோய் வருமுன் காக்கும் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேரச் சொன்னார்கள், சேர்ந்தோம். தினமும் நடக்கச் சொன்னார்கள், நடக்கிறோம். பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று எழுத்துப் போட்டு எச்சரிக்கிறார்கள், பார்த்துத்தான் வாங்குகிறோம். உங்கள் உடல்நலத்துக்கு நீங்களே பொறுப்பு என்று எங்களிடம் ஓயாமல் சொல்லும் ஓர் அமைப்பு, அந்தப் பொறுப்போடு நேரத்தில் ஓடிவந்து, இதோ நோய் இப்போது என்னிடம் இருக்கிறது, பாருங்கள் என்று கையை நீட்டும்போது, அது போன பிறகு பார்க்கிறேன் என்று சொல்வதை எப்படி ஏற்பது? முதுமை பெருகிவரும் நாட்டில், பக்கவாதம் வந்து ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவையும் துன்பத்தையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோபம் சற்று மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டும். உங்கள் கூடங்களின் நெரிசலை நானும் கண்ணால் பார்த்தவள். உயிருக்குப் போராடுபவரை விட்டுவிட்டு எங்களைக் கவனியுங்கள் என்று சொல்லவில்லை. மருத்துவரை முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நெஞ்சுவலி என்று வருபவருக்குப் பத்து நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருப்பதை உங்கள் கருவியே காட்டும்போது, அதே நெறியை இவர்களுக்கும் விரித்துவிடுங்கள். பத்து ஒட்டிகளை ஒட்டிக் கம்பிகளை மாட்டச் சில நிமிடங்கள் ஆகும். பதிவு 10 வினாடிகளில் முடிந்துவிடும். அதன்பின் வரிசைப்படியே காத்திருக்கிறோம். அந்தப் பதிவைப் பார்த்து, உடனே உள்ளே கொண்டு போக வேண்டியவர் யார் என்று நீங்களே முடிவு செய்யவும் அது உதவும். இந்தப் படபடப்பை நிறுத்த, மூச்சை அடக்கி முக்கும் முறையையும் கழுத்து நாடியை அழுத்தும் முறையையும் ஒப்பிட்டு எஸ்விடி நோயாளிகளிடம் ஆராய்ந்து, 1998-இலேயே வெளியிட்டவர்கள் சிங்கப்பூர் மருத்துவர்கள். இந்த நோயை அறியாத ஊரில் நின்று நான் பேசவில்லை. சோதனை அறையில் இருக்கும் அறிவு வாசல் மேசைக்கும் வந்து சேர வேண்டும்.

இன்னொன்றையும் பணிவோடு கேட்கிறேன். எடுத்த பதிவின் ஒரு படியை நோயாளியின் கையில் கொடுங்கள். அடுத்தமுறை அவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எந்த மொழியில் தடுமாறினாலும், அந்தத் தாள் அவருக்காகப் பேசும்.

ஆகவே, பொதுவான நன்றிக் கடிதம் எனக்கு வேண்டாம். மருத்துவரின் உத்தரவுக்குக் காத்திராமல், முதற்கட்டச் சோதனை செய்யும் தாதியே இசிஜி எடுக்க உங்கள் பிரிவில் அனுமதி உண்டா, இல்லையா? இல்லையென்றால் அதைக் கொடுக்க என்ன தடை? இந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும் எழுத்தில் பதில் அளிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். அக்காவுக்குச் சென்ற வாரமும் படபடப்பு வந்தது. மருத்துவமனைக்குப் போகலாம் வாருங்கள் என்றால், போய் என்ன ஆகப்போகிறது என்று மறுத்து வீட்டிலேயே படுத்துவிட்டார். நம்பி மறுபடியும் வரலாம் என்று அவரிடம் சொல்ல உங்கள் பதில் எனக்குத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு நோயாளி