நடுவர் பரீட்சைக்குத் தோற்ற நினைக்கும் மகளுக்கு

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் இனிப் போட்டிகளில் விளையாட வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், கூடைப்பந்தாட்ட நடுவர் பரீட்சைக்குத் தோற்றலாமா என்று யோசிப்பதாகவும், விளையாட முடியாதவர்கள்தான் விசிலைத் தூக்குவார்கள் என்று தோழிகள் சொல்வது மனதை வருத்துவதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பேச்சை நீ நம்பிவிடக் கூடாது, பிள்ளை.

சிறுவயதில் நீ விசில் மாமா என்று அழைத்தவரை நினைத்துப்பார். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமாரால் கிழக்கில் வேரூன்றிய விளையாட்டு இது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மாணவர்களைப் பயிற்றுவித்து, 1990 ஆகஸ்ட்டில் காணாமற்போன யூஜின் ஹேபியர் அடிகளாரின் காலத்திலேயே மாமா பந்தைத் தொட்டவர். தூரத்திலிருந்து அவர் எறியும் பந்து வளையத்தில் படாமலே வலைக்குள் இறங்குவதைப் பார்ப்பதற்கென்றே ஊர் திரண்டது. ஆயினும் இன்று அவரைக் கண்டதும் இளைஞர்கள் எழுந்து நிற்பது அவர் போட்ட புள்ளிகளுக்காக அல்ல.

மாமா நடுவராக நின்ற ஒரு போட்டியின் கடைசி நிமிடத்தில், அவர் முன்பு விளையாடிய கழகத்தின் அணித்தலைவர் பந்தோடு பாய்ந்து எதிரணி வீரரின் நெஞ்சில் மோதினார். மோதலுக்கு முன்பே அந்த வீரர் இரு பாதங்களையும் ஊன்றி முகங்கொடுத்து நின்றதை மாமா கவனித்திருந்தார். விசில் ஊதி, மூடிய கையால் மற்ற உள்ளங்கையில் குத்திக் காட்டிவிட்டு, மேசையருகே சென்று ஆட்டக்காரரின் இலக்கத்தை விரல்களால் நிதானமாகக் காட்டினார். அது அந்த அணித்தலைவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் ஐந்தாவது பவுல். பார்வையாளர்கள் கூச்சலிட்டபோதும், தானே பல தடவை அப்படிப் பாய்ந்து மோதியவர் என்பதால், எது பாய்ந்தவர் பிழையான மோதல், எது மறித்தவர் பிழையான தடுப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. விளையாடிய கண்ணுக்கு மட்டுமே வாய்க்கும் தெளிவு அது. உன்னிடமும் அது உண்டு.

அதற்காக, விளையாடிய அனுபவம் ஒன்றே போதும் என்று எண்ணிவிடாதே. அவர் விளையாடிய காலத்தில் 20 நிமிடப் பாதிகள் இரண்டு, பந்து கைக்கு வந்த அணி அதை வளையத்துக்கு எறிவதற்கு 30 விநாடி. 2000ஆம் ஆண்டில் அவை 10 நிமிடக் கால்பகுதிகள் நான்காகவும் 24 விநாடியாகவும் மாறியபோது, முதன்முதலாகக் கற்பவரைப் போல விதிநூலை வரிவரியாகப் படித்தார். 2010இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீற்றரிலிருந்து 6.75 மீற்றருக்குத் தள்ளிப்போனபோதும் அப்படியே. நீயும் விதிநூலின் புதிய பதிப்பையே வாங்கிப் படி.

உன்னை அவரிடம் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். விடுமுறைக்கு வரும் திகதியை அறிவி. இரண்டு நடுவர்களில் ஒருவர் பந்தைப் பார்க்கும்போது, மற்றவர் பந்தில்லாத பக்கத்தில் நடக்கும் இழுபறிகளைப் பார்க்க வேண்டும் என்பதும், பந்தின் பின்னே ஓடிப் பழகிய ஆட்டக்காரர்களுக்கு அதுதான் மிகக் கடினம் என்பதும் அவர் அடிக்கடி சொல்பவை. ஆகவே அதற்குமுன் கொழும்பில் ஏதாவது போட்டி நடந்தால் போய் அமர்ந்து, ஒரு கால்பகுதி முழுவதும் பந்தைப் பாராமல் மற்றப் பக்கத்தையே பார்த்து, கண்டதை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா