ஏழாம் மாதப் படையலும் நம் பிள்ளைகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பினாங்கு

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

தவணை நல்லபடியாக முடியப்போகிறது. திருக்குறள் மனனப் போட்டியிலும் பூப்பந்திலும் நம் மாணவர்கள் பரிசு வாங்கி வந்தார்கள். நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்துவிட்டன. உதவிய அனைவருக்கும் நன்றி.

சரி, இன்னொரு விஷயத்தைச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

சீன நாட்காட்டியில் இது ஏழாம் மாதம்; இறந்தவர்களின் ஆவிகள் பூமிக்கு வரும் மாதம் என்பது சீனர்களின் நம்பிக்கை. பள்ளிக்கு எதிரே உள்ள கடைவீட்டுக்காரர்கள் பிற்பகலில் சாலையோரம் ஊதுபத்தி நட்டு, சோறும் பழமும் தேநீரும் படைத்து, காகிதக் காசு எரிக்கிறார்கள். புறப்பாட நடவடிக்கை முடிந்து பிள்ளைகள் வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான். சென்ற வாரம் சில மாணவர்கள் ஊதுபத்திகளை மிதித்து முறித்து, ஆரஞ்சுப் பழத்தைச் சாக்கடை வரை உதைத்து விளையாடியிருக்கிறார்கள். கடைக்கார அம்மா சண்டைக்கு வரவில்லை. அலுவலகத்துக்கு வந்து, வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

விசாரித்தபோது ஒரு பிள்ளை, "அது பேய்ச் சோறுன்னு வீட்ல சொன்னாங்க, சார்" என்றது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சீனர்கள் தங்கள் முன்னோரை வீட்டுப் பீடத்தில் வைத்து வணங்குகிறார்கள். சாலையோரத்தில் வைப்பது, படைக்க வாரிசே இல்லாமல் போனவர்களுக்கு. நம் தர்ப்பணத்தின் முடிவிலும் தாய் தந்தை, சுற்றம் யாருமற்றவர்களுக்கென்று எள்ளும் நீரும் விடுகிறோமே, அதே கருணைதான் இது. தாவோ மதத்தாரும் பௌத்தர்களும் அவரவர் முறையில் இந்த மாதத்தைக் கொண்டாடுகிறார்கள். பௌத்தக் கதையில், புத்தரின் சீடர் மொக்கல்லானர் பசித்த ஆவியாகிவிட்ட தாய்க்குச் சோறு கொடுக்கிறார். வாயருகே போனதும் அது நெருப்புத் துண்டமாகிவிடுகிறது. துறவிகளுக்கு அன்னமிட்டு அந்தப் புண்ணியத்தால் தாயை மீட்கும்படி புத்தர் வழி சொல்கிறார். பெற்றவளின் பசிக்காகப் பிள்ளை தவித்த கதையைத்தான் நாம் பேய்க்கதையாக்கிப் பயமுறுத்துகிறோம்.

நம் ஊர்ப் பந்தல்களில் நிற்கும் பெரிய காகித உருவத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஆவிகளைக் கட்டுக்குள் வைத்திருக்கும் தை சூ யா அவர். கருணைத் தெய்வமான குவான் யின் எடுத்த வடிவம் என்பார்கள். அவர் தலையுச்சியில் சின்னதாகக் குவான் யின் உருவம் இருக்கும், காட்டுங்கள். அருகே கூத்து நடந்தால் முன்வரிசை நாற்காலிகளில் உட்கார வேண்டாம். அவை ஆவிகளுக்காக விடப்பட்டவை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். படையலை மிதிப்பதோ அதிலிருந்து எடுப்பதோ இனி ஒழுங்குக் குற்றம். பெற்றோரை அழைத்துத்தான் பேசுவேன். பெற்றோர் சிலரும் அவசரத்தில் காரை ஊதுபத்திகளின் மேலேயே ஏற்றி நிறுத்துகிறீர்கள். நீங்கள் செய்வதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள்.

தைப்பூசத்தில் நம் ரதம் வரும் பாதையில் தேங்காய்களைக் குவித்து உடைப்பவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். முருகனுக்கு அவர்கள் தரும் மரியாதையை நாமும் திருப்பித் தர வேண்டாமா?

மறுநாளே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்ட பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. மாதம் முடியும்வரை பிள்ளைகளைப் பின்வாசலில் வந்து அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியர் ஒருவர் அங்கே நிற்பார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்