போனில் சொல்ல முடியாதது

என் அன்பு மகளுக்கு,

எத்தனை முறை கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லி போனை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று உனக்கு வருத்தம். சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசினால் இருமல் வந்துவிடுகிறது, கண்ணு. நான் இருமுகிற சத்தம் கேட்டு நீ அங்கே பதறுகிறாய். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. அதனால் நடுநடுவே எழுந்து நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வலது நுரையீரலில் மூன்று பாகம், இடதில் இரண்டு. எனக்கு எடுத்தது புற்றுநோய்க் கட்டி இருந்த வலது பக்கத்து மேல் பாகத்தை. மிச்சமிருப்பவை விரிந்து அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பிக்கொள்ளும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். வெட்டிய இடத்தில்தான் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் விலா எலும்புகளுக்கு நடுவே ஓடுகிற நரம்புகள் அடிபட்டிருப்பதால், முதுகிலிருந்து அக்குள் வழியாக மார்புக்குக் கீழே வரை மரத்துக் கிடக்கிறது. கிள்ளினால் தெரியவில்லை. உள்ளாடைப் பட்டை லேசாக உரசினால் மட்டும் எரிகிறது. இது அடங்க மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் தங்கிவிடுவதும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதனால் பயப்படவில்லை. தளர்ந்த உடைகளாகப் போட்டுக்கொள்கிறேன்.

வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறவள் நான், உனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் அந்தக் குணம் ஆகாது. வலித்தால் மூச்சை மேலோட்டமாகத்தான் இழுப்போம், இருமவும் மாட்டோம். சளி உள்ளேயே தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் வலிக்கிறதோ இல்லையோ, மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறேன். அதில் வீரியமான ஒன்று வயிற்றைக் கட்டிவிடுகிறது. அதற்கும் தனியாக மருந்து. இருமல் வந்தால் தலையணையை மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமுகிறேன், குலுக்கல் குறைகிறது. அப்புறம் அந்த மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி. ஊதுவது என்று அப்பா நினைத்திருந்தார். மூச்சை உள்ளே இழுத்துத்தான் பந்தை ஏற்ற வேண்டும். மூன்றாவது பந்து இன்னும் அசைந்துகொடுக்கவில்லை.

அப்பா என்னை ஒரு டம்ளர்கூட எடுக்க விடுவதில்லை. கனமான எதையும் சில வாரங்களுக்குத் தூக்கக் கூடாதுதான். ஆனால் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போய்விடும். சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றுகிற பயிற்சியைச் செய்தே ஆக வேண்டும். நடக்கவும் வேண்டும். படியேறும்போது உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே ஏறுகிறேன். இரைத்தால் கைப்பிடியைப் பிடித்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கிறேன், அடங்கிவிடுகிறது. எனக்கு மூச்சு இரைப்பதைப் பார்த்ததும் என்னைப் படுக்க வைக்கப் பார்க்க வேண்டாம் என்று அப்பாவுக்கு நீ எடுத்துச் சொல். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று மூச்சு முட்டினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், சளியில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை எழுதி கதவில் ஒட்டியிருக்கிறோம். மற்றதற்கெல்லாம் நேரம் கொடுத்தால் போதும்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரியில் இருந்தவரை எனக்குப் பயமே இல்லை. யாராவது வந்து ஏதாவது பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வந்து, எல்லோரும் "கட்டியை எடுத்தாச்சு, இனி கவலையில்லை" என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் அழுகை வந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. சாய்ந்துதான் தூங்க முடிகிறது. ராத்திரியில் விழித்தால் நெஞ்சுக்குள் கேட்கும் சின்னச் சத்தத்துக்குக்கூடக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா "அழாதே" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அது எனக்குப் பெரிய உதவி. இந்தச் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லப் போகிறேன். வலியைச் சொல்கிறோம், இதைச் சொல்ல என்ன தயக்கம்?

பார்க்க வருகிறவர்கள் "நீ சிகரெட்டே தொட்டதில்லையே, உனக்கு எப்படி?" என்கிறார்கள். புகை பிடிக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று பதில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. புகை பிடித்ததால் நோய் வந்தவர்கள் மட்டும் இதை அனுபவிக்கட்டும் என்றா விட முடியும்?

ஒன்று படித்தேன், உன்னிடம் சொல்லத் தோன்றியது. 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் வந்த ஒருவரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே ஆபரேஷனில் எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு டாக்டர்தான். அவர் பிழைத்து, மறுபடி தன் வேலைக்கே திரும்பி, இன்னும் முப்பது வருஷம் வாழ்ந்தார். கிரஹாம் 1957இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் காப்பாற்றிய நோயாளி அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தார். ஒரு பக்கத்து நுரையீரலோடு அவர் அத்தனை காலம் வேலை பார்த்திருக்கிறார். எனக்கு ஒரு பாகம்தானே போயிருக்கிறது.

இப்போது லீவு போட்டுவிட்டு ஓடி வராதே. என்னைப் பார்த்துக்கொள்ள அப்பா போதும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்த பிறகு ரிசல்ட் வரும்வரை இருக்கிறதே, அந்த நாட்களைத்தான் என்னால் தனியாகக் கடக்க முடியாது. அப்பாவுக்கு என்னைவிடப் பயம். லீவை அதற்கு மிச்சம் வைத்துக்கொண்டு அப்போது வந்து கூட இரு. அதுவரை போனில் என் உடம்பைப் பற்றிக் கேட்டது போதும், நீ பேசு. ஆபீஸில் யாரோடு சண்டை, என்ன சமைத்தாய், எல்லாம் சொல். நான் பதில் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா