பெரிய 'டி' சொல்லித் தந்தவருக்கு நன்றி

பாதுகாப்பு இணக்கச் சோதனைக்கான ஒரு திறமூலத் திட்டத்துக்கு நான் அனுப்பிய முதல் திருத்தம் வெறும் 2 வரி. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) நேரடியாக நுழைய முடிகிறதா என்று பார்க்கும் சோதனை. கான்ஃபிக்கில், அதாவது அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பில், ஒரே அமைப்பு இரண்டு தடவை வந்தால் கடைசியில் இருப்பதுதான் செல்லும் என்று நினைத்து எழுதிவிட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் நிரலான எஸ்எஸ்எச்டி முதலில் கண்ணில் படுவதைத்தான் எடுத்துக்கொள்ளும் என்றீர்கள். "கோப்பை நோண்டாதீங்க, எஸ்எஸ்எச்டி கிட்டயே கேளுங்க" என்று அந்தக் கட்டளையோடு 'டி' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு ஓட்டச் சொன்னீர்கள். நான் சின்ன 'டி' (t) போட்டேன். திரையில் ஒன்றுமே வரவில்லை! அது கான்ஃபிக் பிழையில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்குமாம். நடப்பில் உள்ள அமைப்பையெல்லாம் கொட்டுவது பெரிய 'டி' (T). அதையும் ராத்திரி 11:30-க்குப் பொறுமையாகச் சொன்னீர்கள்.

திருத்தம் நேற்று சேர்ந்துவிட்டது. உங்கள் புனைபெயர் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. ரொம்ப நன்றிங்க.