கரிப்பெட்டியில் காய்ந்த பத்து ரூபாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ ஆலய ஆராதனையில் கித்தாரும் டிரம்ஸும் ஒலிக்கலாமா, ஆர்கனோடும் ஞானப்பாட்டு எனும் பழைய துதிப்பாடல்களோடும் நின்றுவிட வேண்டுமா என்று தங்கள் இதழின் கடிதப் பகுதியில் சில வாரங்களாக நடந்துவரும் வாதத்தைத் தவறாமல் படித்து வருகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடகர் குழுவில் டெனர் என்னும் ஆண்களின் உச்சக் குரல் பாடியவன் என்பதால், நானும் ஆர்கன் கட்சியில் சேர்ந்துகொள்வேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். எனக்கோ, இரு தரப்பாரும் வாத்தியத்தைப் பற்றியே பேசிப்பேசி, ஆராதனை என்பது எதற்கு மறுமொழியாக நம்மிடமிருந்து எழ வேண்டும் என்பதைக் கைவிட்டுவிட்டதாகத் தோன்றுகிறது.

ஞானப்பாட்டுகள் உயிரற்றவை, வெறும் சடங்கு என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தப் பாட்டுகளில் பலவற்றை ஜெர்மன் மொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் நம்முடைய வேப்பேரியில் வாழ்ந்தவர் என்பதும், 1791இல் இதே சென்னையில் மறைந்தார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு தொடங்கி இவர்கள் பலரையும் உருவாக்கிய, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம், உதட்டளவில் நின்றுபோன வழிபாட்டின் மேல் கொண்ட மனக்குறையிலிருந்தே பிறந்தது. ஆக, இன்று நமக்குக் குளிர்ந்துபோனதாகத் தெரியும் பாட்டு, தன் காலத்தில் சூடாகவே இருந்தது. 1774இல் பிறந்த தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் நம் நாட்டு ராகங்களில் கீர்த்தனைகளைக் கட்டியபோதும் அப்படியே. மறுபுறம், இன்றைய கித்தார் பாட்டும் இன்னும் நாற்பது ஆண்டுகளில், யோசிக்காமலே வாயில் வரும் பாட்டாகிவிடும் என்பதை இளைஞர்கள் மறந்துவிட வேண்டாம். பழகிப்போவது வாத்தியத்தின் குற்றமன்று.

பப்ரிசியுஸ் ஐயர் தம் முதுமையில் கடன் தொல்லையில் சிக்கிச் சிறைக்கும் போனவர். இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில், மதக் கட்டளைகளைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயனாகிய சீமோனின் வீட்டுப் பந்தியில், ஊரில் பாவி எனப்பட்ட ஒரு பெண் அழைப்பில்லாமல் நுழைந்து, இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தன் கூந்தலால் துடைத்துப் பரிமளதைலம் பூசுகிறாள். முகம் சுளிக்கும் சீமோனிடம் இயேசு கேட்பது கடனைப் பற்றிய கணக்கு: ஒருவன் 500 வெள்ளிக்காசும் மற்றவன் 50ம் கடன்பட்டிருக்க, இருவருக்கும் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் போனதால், கடன் கொடுத்தவன் இருவரையும் மன்னித்துவிட்டால், எவன் அதிகமாய் அன்புகூருவான்? அந்தப் பெண் ஒரு பாட்டும் பாடவில்லை. அவள் பேசியதாக ஒரு சொல்கூட அங்கே எழுதப்படவில்லை. தனக்குத் தள்ளுபடியான தொகை எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கடன்பட்டவன் என்ற நினைவே இல்லாமல் வந்து உட்காருகிறவனுக்கு எந்த வாத்தியம் வாசித்து என்ன ஆகப்போகிறது?

இதை ஊருக்கு உபதேசமாக எழுதவில்லை. பாவ அறிக்கை ஜெபத்தின்போது சபையார் முழந்தாளில் இருக்க, நான் ஆண்டுக்கணக்கில் அடுத்த பாட்டின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெண்களின் தாழ்குரலான ஆல்டோ பக்கத்தில் யார் சுருதி இறங்குகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு சுத்தமாக வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அது எனக்கு உறைத்தது 2015ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அடையாற்று வெள்ளம் எங்கள் சைதாப்பேட்டைத் தெருக்களை விட்டு வடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. ஆலயத்துக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு, கீபோர்டு போயிற்று, பாட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மின்சாரம் இல்லை, மைக் இல்லை. கோணிச் சாக்கால் பெஞ்சுகளைத் துடைத்துவிட்டு, நாற்பது பேர் இருந்திருப்போம், உட்கார்ந்தோம். நான் எடுத்த சுருதி அளவுக்கு மேல் உச்சமாகப் போய்விட, இரண்டாவது வரியிலேயே எல்லாருக்கும் குரல் உடைந்தது. யாரும் நிறுத்தவில்லை. பின்னால் நின்றவர்களின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

வீடுவாசல் இழந்து வந்திருப்பவர்களிடம் இன்று காணிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆயர் ஐயா சொல்லிவிட்டார். அப்போது, எங்கள் தெரு முனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அம்மா எழுந்து, “சும்மா எப்படிப் போறதுங்க ஐயா?” என்று கேட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி முன்னால் நடந்தார். அவர் பலிபீடத்தின் மேல் வைத்தது ஒரு பத்து ரூபாய் நோட்டு. வெள்ளத்தில் நனைந்த நோட்டைக் கரிப்பெட்டியால் தேய்த்துக் காயவைத்திருந்தார். ஓரம் லேசாகக் கருகி, மடிப்பே இல்லாமல் விறைப்பாக இருந்தது. அன்று அந்தப் பெட்டியின் சூட்டில் அவர் தேய்த்துக் கொடுக்க வேறு துணி எதுவும் இருந்திருக்காது. “கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்” என்ற, வேதாகமத்தின் 116ஆம் சங்கீத வசனத்தை நான் எத்தனையோ முறை நான்கு குரலில் பாடியிருக்கிறேன். அதற்கு ஒருவர் விடை சொல்லிப் பார்த்தது அன்றுதான்.

இந்த வாதத்தில் என் பங்குக்கு இரண்டே வேண்டுகோள்கள். திருவிருந்தின்போது நேரலைக் கேமராவை மக்களின் முகத்துக்கு நேரே கொண்டுபோவதைச் சபைக் கமிட்டிகள் நிறுத்த வேண்டும். மண்டியிட்டு அழுகிறவருக்கு அந்த ஒரு நிமிடமாவது மறைவு வேண்டாமா? அடுத்து, திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கித் திரும்பியவர்கள் பெஞ்சில் உட்காருவதற்குள் அடுத்த பாட்டைத் தொடங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, மூன்று நிமிடமாவது ஆலயத்தை மௌனமாக விட வேண்டும். எங்கள் பாடகர் குழுத் தலைவரிடம் இதைச் சொன்னபோது, “மூணு நிமிஷம் சும்மா இருந்தா, பாட்டு மறந்துபோச்சுன்னு நினைச்சுப்பாங்க அண்ணே” என்றார். போன ஞாயிறு எப்படியோ ஒரு நிமிடத்துக்குச் சம்மதித்தார். அந்த ஒரு நிமிடத்தில் இருமல் சத்தமும், மின்விசிறிச் சத்தமும், பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டன. வரும் ஞாயிறு இரண்டு நிமிடம் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை.