கத்தி செய்வதற்கென்று விற்கப்பட்ட பெல்ட் கிரைண்டர் குறித்த புகார்

அனுப்புநர்:
சிறு பட்டறை நடத்தும் வாடிக்கையாளர்,
திருப்பாச்சேத்தி வட்டாரம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
மின்கருவிகள் விற்பனைப் பிரிவு.

பொருள்: கத்தி தயாரிப்புக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்யப்பட்ட பெல்ட் கிரைண்டர், மர வேலைக்கு மட்டுமே உரிய இயந்திரமாக இருப்பது, முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணையதளத்தில் ‘கத்தி செய்யத் தொடங்குவோருக்கான முதல் பெல்ட் கிரைண்டர்’ என்ற தலைப்பில் விற்கப்படும், ஓடும் உப்புத்தாள் பெல்ட்டில் பொருளைத் தேய்க்கும் இயந்திரத்தை ரூ.16,800 செலுத்தி வாங்கினேன். பெட்டியைப் பிரித்தபோது உள்ளிருந்த கையேட்டில், இது மரத்தையும் பிளாஸ்டிக்கையும் தேய்ப்பதற்கு மட்டுமே உரியது, உலோகத்தைத் தேய்க்கக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. விளம்பரம் ஒன்று சொல்ல, கையேடு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. என் புகாரின் அடிப்படை இதுதான்.

உடனே தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவைத் தொடர்புகொண்டேன். கையேடு எல்லா நாடுகளுக்கும் பொதுவாக அச்சடிக்கப்பட்டது என்றும், எஃகைத் தாராளமாகத் தேய்க்கலாம் என்றும் மின்னஞ்சலில் பதில் வந்தது. அந்த எழுத்துப்பூர்வமான உறுதியை நம்பியே இயந்திரத்தை ஓட்டினேன்.

இந்த இயந்திரத்தை நான் தேர்ந்தெடுத்த விதத்தையும் தாங்கள் அறிய வேண்டும். கத்தி செய்பவர்கள் பெரிதும் விரும்புவது 50 × 1830 மி.மீ. பெல்ட் ஓடும் பெரிய கிரைண்டரை. ஆனால் அதற்குரிய மோட்டாரையும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியையும் சேர்த்தால், புதிதாகத் தொடங்குபவர் எட்டாத விலைக்குப் போய்விடுகிறது. 25 × 762 மி.மீ. பெல்ட் ஓடும் சிறிய இயந்திரம் மலிவு என்றாலும், குறுகலான அந்தப் பெல்ட்டில் சமையலறைக் கத்தியின் அகலமான சரிவை (வாயை நோக்கி மெலிந்துவரும் பக்கத்தை) ஒரே மட்டமாக எடுப்பது கடினம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக, 1 எச்.பி. மோட்டார், நிமிடத்துக்கு 3450 சுற்று, 50 × 1220 மி.மீ. பெல்ட், பெல்ட்டைப் பின்னாலிருந்து தாங்கும் மட்டமான எஃகுத் தாங்குதட்டு என்று தாங்கள் வெளியிட்டிருந்த விவரங்களைப் பார்த்தே பணம் கட்டினேன். அந்த நான்கில் ஒன்றுகூட உண்மையாக இல்லை.

முதலில் பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதுவே மிகவும் கவலையளிப்பது. பெல்ட்டிலிருந்து விழும் தூசு, பிளாஸ்டிக் குழாய் வழியாகத் துணிப் பை ஒன்றுக்குள் போகும்படி இயந்திரம் அமைக்கப்பட்டுள்ளது. மரத்தூளுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. எஃகைத் தேய்க்கும்போதோ அந்தக் குழாய்க்குள் போவது தீப்பொறி. லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டிய சிறிய எஃகுத் துண்டு ஒன்றைத் தேய்த்துப் பார்த்தவுடன் பையைக் கழற்றிச் சோதித்தேன். பையின் வாய்ப்பகுதியில் ஊசி குத்தியதுபோல் துளைகள் விழுந்து, ஒவ்வொன்றின் ஓரமும் பழுப்பாகக் கருகியிருந்தது. கத்தி செய்பவர் எஃகை மட்டும் தேய்ப்பதில்லை. மரக் கைப்பிடியையும் அதே இயந்திரத்தில்தான் தேய்ப்பார். பையில் மரத்தூள் சேர்ந்திருக்கும்போது அடுத்த கத்தியின் தீப்பொறி அதற்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தூளுக்குள் விழுந்த பொறி வெகுநேரம் கனன்றுகொண்டிருந்து, பட்டறையைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் பற்றிக்கொள்ளக் கூடும். உலோகத்தைத் தேய்க்கக் கூடாது என்று கையேட்டை எழுதியவர் காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார். அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தங்கள் அலுவலர் வாடிக்கையாளருக்கு எழுதியது மிகவும் தவறு.

மோட்டாரும் இதே கதைதான். விளம்பரத்தில் 1 எச்.பி., அதாவது 746 வாட். மோட்டாரின் மீது ஒட்டப்பட்டுள்ள பெயர்த்தகட்டில் 375 வாட், 50 ஹெர்ட்ஸ், 1400 சுற்று. சொன்னதில் பாதித் திறன்தான் வந்திருக்கிறது. 3450 சுற்று என்பது நம் நாட்டு மின்சாரத்தில் இந்த வகை மோட்டாருக்கு நடக்கவே முடியாத கணக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் இண்டக்‌ஷன் மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டாது. 3450 என்பது அமெரிக்கா போன்ற 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் விற்கப்படும் இரண்டு துருவ மோட்டார்களுக்கு உரிய எண். வேறொரு நாட்டு இயந்திரத்தின் விவரக் குறிப்பை எடுத்து இதற்குப் போட்டிருக்கிறீர்கள் என்றே நான் கருதுகிறேன். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் ஒருவர் சுற்று வேகத்தைக் காட்டும் தம் டாக்கோமீட்டரால் அளந்து பார்த்தபோதும், சுமையில்லாமல் ஓடும் நிலையிலேயே 1500-ஐ எட்டவில்லை.

இது வெறும் எண் விவகாரமன்று. ஓட்டும் வீலின் விட்டம் 100 மி.மீ.; 3450 சுற்றில் பெல்ட் நொடிக்கு 18 மீட்டர் ஓட வேண்டும், 1400 சுற்றில் ஓடுவதோ சுமார் 7.3 மீட்டர். தோய்ச்சல் போட்ட (காய்ச்சிய எஃகைச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்கிய) பிறகு கத்தியை நுணுக்கமாகத் தேய்க்கும் கட்டத்தில் மெதுவான ஓட்டம் நல்லதுதான்; வாய் சூடேறி நீலம் பாய்ந்து இளகிவிடும் ஆபத்து குறையும். ஆனால் பட்டையிலிருந்து கத்தியின் சரிவை முதன்முதலில் எடுக்கும் வேலைக்கு இந்த வேகமும் திறனும் போதாது. சற்று அழுத்திப் பிடித்தாலே பெல்ட் வீலின் மீது வழுக்குகிறது, மோட்டார் உறுமிச் சூடேறுகிறது. மோட்டாரின் உடலில் காற்றுத் துளைகள் திறந்தே இருப்பதால், இரும்புத்தூள் உள்ளே போய்ச் சுருள்கம்பிகளின் மீது படிகிறது. இரும்பைத் தேய்க்கும் இயந்திரத்துக்கு முழுவதும் மூடிய மோட்டார்தான் பொருத்தம் என்பது இத்தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும்.

பெல்ட்டின் பின்னால் நிற்கும் தாங்குதட்டு, மட்டம் செய்யப்பட்ட எஃகன்று. மடித்த மெல்லிய தகடு. எஃகு அளவுகோலை அதன் மீது நிறுத்தினால் நடுவில் 0.6 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) தடையின்றி நுழைகிறது. குழிந்த தட்டில் தேய்த்தால் கத்தியின் சரிவு மட்டமாக வராமல் வயிறு தள்ளி வரும். பிறகு அரத்தையும் உப்புத்தாளையும் வைத்துக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். மேலும், சரிவு தொடங்கும் கோட்டை இருபுறமும் ஒரே இடத்தில் எடுக்க, பெல்ட்டின் இரண்டு ஓரங்களும் தட்டுக்கு வெளியே தெரிய வேண்டும். இதில் இரண்டு பக்கமும் தகட்டை வைத்து ரிவெட் அடித்துவிட்டதால் அதற்கு வழியே இல்லை. அந்தத் தகட்டில் உரசி உரசி, தாங்கள் அனுப்பிய பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. பெல்ட்டை நடுவில் நிறுத்தும் திருகை எவ்வளவு இறுக்கினாலும் அதிர்வில் தளர்ந்துவிடுகிறது.

பெல்ட்டின் அளவும் வேறு. இயந்திரத்தோடு வந்த பெல்ட்டை அளந்தால் நீளம் 1150 மி.மீ. விளம்பரத்தை நம்பி, இயந்திரம் வருவதற்கு முன்பே 40, 120 கிரிட்டுகளில் (சொரசொரப்பு அளவுகளில்) நான் வாங்கி வைத்த 1220 மி.மீ. பெல்ட்டுகள் இதில் தொங்குகின்றன. இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குக்கு அவ்வளவு ஓட்டம் இல்லை.

இவை அனைத்தையும் புகைப்படங்களுடன், பொருளைத் திருப்பி அனுப்பத் தாங்கள் குறிப்பிட்டிருந்த 7 நாள் கெடுவுக்குள்ளேயே எழுதினேன். கெடு முடிந்த பிறகு, ‘பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. பயன்படுத்தலாம் என்று எழுதித் தந்தவர்கள் தாங்கள்தான் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். விலை குறைந்த இயந்திரத்தில் விலை உயர்ந்ததன் வசதிகளை நான் எதிர்பார்க்கவில்லை. 375 வாட், 1400 சுற்று, மர வேலைக்கு மட்டும் என்று உள்ளபடி எழுதியிருந்தால், அதே தொகைக்கு வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருப்பேன். தொழில் தொடங்கும் ஒருவர் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கும் முதல் இயந்திரம் இது. அவரிடம் உண்மையைச் சொல்லி விற்பது தங்கள் கடமை.

ஆகவே, இயந்திரத்தைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பயன்படாமல் போன பெல்ட்டுகளின் விலையும் அதில் சேர வேண்டும். விளம்பரத்திலிருந்து ‘கத்தி செய்ய’ என்ற சொற்களை நீக்கி, மோட்டாரின் திறன், வேகம், பெல்ட் அளவு ஆகியவற்றைத் திருத்த வேண்டும். இதே இயந்திரத்தை வாங்கிய மற்ற வாடிக்கையாளர்களுக்குத் துணிப் பையின் தீ ஆபத்தைப் பற்றி உடனடியாகத் தகவல் அனுப்ப வேண்டும். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கையை அவசரமானதாகக் கருதுகிறேன்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதன் பெறுகையை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண்பது குறைதீர்ப்பு அலுவலரின் பொறுப்பாகும். அந்தக் காலத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், தவறான விளம்பரம், குறைபாடுள்ள பொருள் ஆகிய காரணங்களைக் காட்டி, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையீடு செய்வேன். விளம்பரப் பக்கத்தின் படம், கையேட்டின் பக்கம், பெயர்த்தகடு, கருகிய பை ஆகியவற்றின் புகைப்படங்கள், பற்றுச்சீட்டு, தங்கள் மின்னஞ்சல்கள் அனைத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். இயந்திரத்தை மின் இணைப்பிலிருந்து துண்டித்து, பெட்டியில் இட்டு வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்.